பெரியவருக்கு வாய் கிடையாது

வேற்றுக்கிரகத்திலிருந்து வரும் ராட்சத ரோபோக்களைப் பற்றி எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் நல்ல அபிப்பிராயம். அவற்றுக்கு உதடு கிடையாது.

இதன் அருமை டப்பிங் வசனம் எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். மனிதர்கள் பேசும் படம் என்றால் திரையில் அசையும் வாயைப் பார்த்து எழுத வேண்டும். அங்கே உதடு ஒட்டினால் நம் வசனத்தில் ஒரு 'ப'வோ 'ம'வோ வந்தாக வேண்டும். அங்கே வாய் அகன்றால் இங்கே ஓர் 'ஆ' இருந்தாக வேண்டும். அசலில் ஒருத்தன் "ஐ லவ் யூ" என்று மூன்றே அசைவில் சொல்லிவிடுவான். நம் ஆள் "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் முத்தமும் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போயிருப்பான். இருபத்தொரு வருடமாக இந்த உதடுகளோடு மல்லுக்கட்டி எனக்கு ரத்த அழுத்தம் வந்ததுதான் மிச்சம்.

அதனால் இந்த ரோபோ படம் கைக்கு வந்தபோது துள்ளிக் குதித்தேன். நாற்பத்தேழு வயதில் எவ்வளவு துள்ள முடியுமோ அவ்வளவு.

படத்தை ஒன்பது பாகமாக வெட்டி, ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். திருட்டுப் போய்விடும் என்று பயம். அதனால் திரை முழுவதையும் கறுப்படித்து, பேசுகிற ஆளின் வாய் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வட்டம் விட்டிருந்தார்கள். ரோபோக்களை அவர்கள் இன்னும் வரைந்தே முடிக்கவில்லை. ரோபோ வர வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி நகரும். அதன் மேல் 'நல்லது', 'கெட்டது' என்று எழுதியிருக்கும். உலகமே வாயைப் பிளந்து பார்க்கப்போகிற பிரம்மாண்டப் படத்தில் நாங்கள் ஆறு வாரமாகப் பார்த்தது ஒரு பெண்ணின் வாயையும் இரண்டு பெட்டிகளையும்தான்.

முதல் சண்டை முதல் பக்கத்திலேயே வந்தது. நல்ல ரோபோவை 'அது' என்பதா, 'அவன்' என்பதா, 'அவர்' என்பதா? படக் கம்பெனியின் ஆள் ஒருவர் தினமும் தொலைபேசியில் எங்களை மேய்ப்பார். அவரை நாங்கள் மேலிடம் என்போம். "ரோபோ ஒரு மிஷின்தானே மேடம், 'அது'ன்னே வச்சுக்கலாமே" என்றார் மேலிடம்.

"உலகத்தைக் காப்பாத்துறவரைப் போய் 'அது வந்துச்சு, அது போச்சு'ன்னு சொன்னா பார்க்குறவங்க நம்மளைக் காறித் துப்புவாங்க சார்" என்றேன். மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு தீர்ப்பு என் பக்கம். நல்ல ரோபோ 'அவர்'. கெட்ட ரோபோ 'அவன்'. இடையில் ஒரு குட்டி ஒற்றன் ரோபோ வரும், அது 'அது'. அன்றிலிருந்து எங்கள் ஸ்டூடியோவில் நல்ல பெட்டிக்குப் பெரியவர் என்றே பெயர்.

இரண்டாவது தலைவலி பெரியவரின் அசல் பெயர். அசலில் அவர் பெயர் நாண்டா. எழுதியவர் எந்தத் தமிழரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கெட்ட ரோபோ நகரத்தை மிதித்துத் துவைத்துவிட்டு, "என்னை எதிர்க்க இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று உறுமுகிறான். கதாநாயகி கட்டடத்தின் மாடியிலிருந்து "நாண்டா!" என்று கத்துகிறாள். ஐந்தடி உயரப் பெண். மானத்தைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கும்.

பெயரை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் கதாநாயகிக்கு வாய் இருக்கிறது. அது இரண்டு முறை அகலமாகத் திறக்கிறது, உதடு ஒட்டுவதே இல்லை. நான் அதிகம் யோசிக்கவில்லை. 'அண்ணா' என்று எழுதினேன். அசைவுக்கு அசைவு அப்படியே பொருந்தியது. அவள் அண்ணா என்றால் பெரியவர் அவளைத் தங்கச்சி என்றுதானே கூப்பிட வேண்டும்? கூப்பிட வைத்தேன். எட்டுப் பாகத்தில் அறுபத்து மூன்று அண்ணா, நாற்பத்தோரு தங்கச்சி. பாசம் பொங்கி வழிந்தது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பெரியவருக்குக் குரல் கொடுத்தது என் தம்பி.

என் தம்பிக்கு முப்பத்தொன்பது வயது. குரல் மட்டும் கட்டடம் இடிவதுபோல் இருக்கும். பத்து வருடமாக அடியாட்களுக்குக் குரல் கொடுத்தே காலம் தள்ளினான். "பாஸ், போலீஸ்!" என்பான், "ஆ!" என்பான், செத்துப்போவான். ஒரே படத்தில் பதினான்கு முறை செத்திருக்கிறான். ஆனால் மைக்கை விட்டு வெளியே வந்தால் வாயில்லாப் பூச்சி. கடையில் தேநீர் கேட்டால் கடைக்காரர் "என்ன? என்ன?" என்று மூன்று முறை குனிந்து கேட்பார். நானும் அவனும் ஒரே வீட்டில் இருக்கிறோம். காலையில் அவன் தேநீர் போடுவான். நான் எழுதிய பக்கங்களை அடுப்பங்கரையில் நின்றபடியே சத்தமாகப் படித்துக் காட்டுவான். நான் திருத்துவேன், அவன் மறுபடி படிப்பான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் "உங்க வீட்ல தினமும் காலையில யாரு உலகத்தை அழிக்கிறது?" என்று கேட்டார்.

கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவளை எல்லோரும் மைனா என்று கூப்பிடுவார்கள். எந்தக் குரலையும் ஒருமுறை கேட்டால் திருப்பிச் சொல்லிவிடுவாள். கெட்டிக்காரி. படபடவென்று பேசுவாள், நல்ல மனசு, முப்பத்தாறு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தம்பிக்கு அவள் மேல் ஒரு கண். ஒரு கண் என்ன, இரண்டு கண்ணும்தான். போன படத்திலிருந்தே. ஆனால் சொல்லவில்லை. அவளைப் பார்த்தால் "ஏங்க" என்பான், அதற்கு மேல் வராது. அவளும் "சொல்லுங்க சார்" என்று நின்று பார்ப்பாள். இவன் "ஒண்ணுமில்லைங்க" என்பான்.

இதற்கு நடுவில்தான் ஒரு செய்தி வந்தது. வேறொரு ஊரில் வானொலி நிலையத்தில் மைனாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இந்தப் படம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். சொல்வதென்றால் அதற்குள் தம்பி சொல்லியாக வேண்டும். நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? தினமும் அவனை அவள் பக்கத்தில் நிற்க வைத்து, மைக்கில் தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்வதுதான் வழக்கம். ஆனால் உணர்ச்சிக் காட்சிகளுக்கு ஜோடியாக நிற்க வைத்தால்தான் எனக்குத் திருப்தி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு மைக், இரண்டு ஹெட்போன், இவர்கள் இருவர். இந்தப் பக்கம் நானும் சவுண்டு இன்ஜினியரும். அவனுக்கு ஒன்மோர் என்று பெயர் வைத்திருந்தோம். எதைச் சொன்னாலும் "ஒன் மோர்" கேட்பான். அவன் மனைவி சாப்பாடு போதுமா என்று கேட்டாலும் அதையேதான் சொல்வான் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் பாகத்தில் ஒரு கட்டம். பாலம் இடிகிறது. பெரியவர் அதைத் தோளில் தாங்கிக்கொண்டு "தங்கச்சி, ஓடு!" என்று முழங்க வேண்டும்.

தம்பி மூச்சை இழுத்தான். பக்கத்தில் மைனா ஹெட்போனோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தங்... தங்..." என்றான். பிறகு, "ஓடுங்க!" என்றான்.

"ஒன் மோர்" என்றான் ஒன்மோர்.

பதினேழு முறை எடுத்தோம். பதினேழாவதில் அந்த வார்த்தை வெளியே வந்தது, ஆனால் இழவு வீட்டிலிருந்து வந்ததுபோல் வந்தது. மேலிடம் அதைக் கேட்டுவிட்டு உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். "மேடம், அந்த இரும்புக்குள்ள எவ்வளவு சோகம்! மத்த மொழிக்காரங்களுக்கும் இதைப் போட்டுக் காட்டப் போறோம்" என்றார்.

அடுத்த நாள் காலை தம்பி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றான். பக்கத்தைப் படிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்த தங்கச்சிய மட்டும் எடுத்துடேன்."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

"காலையிலேருந்து அண்ணா அண்ணான்னு கூப்பிடுறாங்க. நானும் தங்கச்சி தங்கச்சிங்கிறேன். சாயந்தரம் போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்ககிட்ட பேசுறது? பழகப் பழக நிஜமாவே அண்ணான்னு கூப்பிட்டுடுவாங்கன்னு பயமா இருக்குக்கா. அதுக்கப்புறம் என்ன பண்றது? ஞாயித்துக்கிழமை போயிடுவாங்க."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அப்போதே இறங்கி வந்திருக்க வேண்டும். எனக்குத்தான் மூக்கின் மேல் கோபம். "என் வசனத்துல கை வைக்க நீ யாருடா? அது வாய்க்குப் பார்த்து வச்ச வார்த்தை. உன் கல்யாணத்துக்காகக் கதைய மாத்த முடியுமா?" என்று கத்தினேன். அவன் பக்கத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தான். அன்றைக்கு உலகம் மிக மெதுவாக அழிந்தது.

எட்டுப் பாகமும் முடிந்தன. ஒன்பதாம் பாகம் வியாழக்கிழமை காலை வந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிட வேண்டும். நான்கு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

கெட்ட பெட்டி ஒழிந்தது. நல்ல பெட்டி கதாநாயகியின் வாய்க்கு அருகில் வந்து நின்றது. அசலில் அது பேசியது. அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க எனக்கு வியர்த்தது. விஷயம் இதுதான். முதல் பாகத்தில் ஒருத்தன் சாலையோரம் நின்று "அதோ பார், வானத்தில் என்ன?" என்று ஒரே ஒரு வரி பேசுவான். வேடிக்கை பார்க்க வந்தவன் என்று நினைத்து, அந்த வரியை ஒன்மோரை விட்டே பேச வைத்து முடித்துவிட்டோம். அவன்தான் கதாநாயகிக்கு நிச்சயமான மாப்பிள்ளையாம், பெரியவர் பூமியில் இறங்கியதே அவன் தலையில்தானாம். அவனுடைய நினைவு, ஆசை, கல்யாணக் கனவு எல்லாம் அந்த நிமிடமே பெரியவரின் நெஞ்சுக்குள் போய்விட்டனவாம். இத்தனை நாளும் அவளைக் காப்பாற்றியது அவளுடைய காதலன்தானாம்.

வட்டத்துக்குள் இருந்த வாய் குவிந்தது. மெதுவாகப் பெட்டியை நோக்கிப் போனது. ஒட்டியது.

ஒன்மோர்தான் முதலில் வாயைத் திறந்தான். "அக்கா, தங்கச்சி முத்தம் குடுக்குது."

"தெரியுதுடா."

"உதட்டுலக்கா."

"பெட்டிக்கு ஏதுடா உதடு!" என்று எரிந்து விழுந்தேன்.

மேலிடத்தைத் தொலைபேசியில் பிடித்தேன். "சார், கடைசியில ரெண்டு பேரும் காதலர்களா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"அது படத்தோட ரகசியம் மேடம். ஏன், என்ன ஆச்சு?"

"எட்டுப் பாகமா அண்ணன் தங்கச்சியா இருக்காங்க சார்!"

"அப்படி அசல்ல இல்லையே?"

"அசல்ல இல்ல. இங்கே இருக்கு."

"மத்த பதினோரு மொழியிலயும் இந்தப் பிரச்சினை வரலையே?"

"அவங்க 'நீ'ன்னு ஒரே வார்த்தையில ஓட்டிட்டுப் போயிடுவாங்க சார். நம்மாளு யாரையாவது பார்த்தா முதல்ல என்ன முறைன்னு தெரிஞ்சாகணும். அண்ணான்னு அறுபத்து மூணு தடவை கூப்பிட்டுட்டு அவரையே கட்டிக்கிட்டா, தியேட்டர்ல நாற்காலி தப்பாது."

மேலிடத்துக்குப் புரிந்துவிட்டது. அவரும் தமிழர்தான். "நாளைக்கு மத்தியானம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சரி செய்யாவிட்டால் அடுத்த படத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரியவரின் தங்கச்சியை மாற்றுவது ஒரு வேலையே இல்லை, பெட்டிக்கு எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அவளுடைய அறுபத்து மூன்று அண்ணாவை என்ன செய்வது? வாய் இரண்டு முறை திறக்கிறது, உதடு ஒட்டக் கூடாது. அன்பே என்று வைத்தால் உதடு ஒட்டுகிறது. ராஜா என்று வைத்துப் பார்த்தேன், குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் இருந்தது. 'நாதா' என்றான் ஒன்மோர். அவனை வெளியே போகச் சொன்னேன். போகவில்லை.

மைனா அதுவரை என் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்றாள். "அண்ணாவுக்கு முன்னாடி ஒரு 'க்' சேர்த்துட்டா முடிஞ்சுதே."

"என்னது?"

"கண்ணா." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "'க' தொண்டையில வர்றது. வெளியில தெரியாது. வாய் அப்படியே இருக்கும்."

சுவரோரம் நின்றிருந்த தம்பியின் கையிலிருந்து தண்ணீர் பாட்டில் விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

ஒன்மோர் ஓடிப்போய் முதல் அண்ணாவைத் திரையில் போட்டான். மைனா மைக் முன்னால் நின்று "கண்ணா!" என்று கத்தினாள். மாடியிலிருந்து கத்துகிற அதே வாய். இம்மி பிசகவில்லை. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. வேலை தெரிந்த மனிதர்களைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் ஆகும்.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்மோர் உளறினான். "ஏன்க்கா, அன்னிக்கே கண்ணான்னு வச்சிருக்கலாமே? ரெண்டுக்கும் ஒரே வாய்தானே? எப்படி உங்களுக்குத் தோணாம போச்சு?"

"உன் வேலையப் பாருடா" என்றேன். ஆனால் எழுந்து வெளியே நடைக்கு வந்துவிட்டேன். அங்கே காலி நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றை உருவிப் போட்டு உட்கார்ந்தேன்.

எப்படித் தோன்றாமல் போகும்? இருபத்தொரு வருடமாக இதைத்தானே செய்கிறேன். தோன்றியது. முதல் நாளே தோன்றியது. இந்தப் படத்துக்கு மைனாதான் கதாநாயகி என்று முடிவான அன்று தம்பி புதுச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தான். கண்ணாடி முன்னால் நின்று "ஏங்க" என்று சொல்லிப் பழகினான். அடுத்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டேதான் கண்ணாவை அடித்துவிட்டு அண்ணா என்று எழுதினேன். வாய்க்குப் பொருந்துகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். அவன் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டால் அந்த வீட்டில் நான் மட்டும்தான். என் வசனத்தைச் சத்தமாகப் படிக்க ஆளிருக்காது. தேநீரை நானே போட்டுக்கொள்ளலாம். என் வார்த்தையை நானே படித்தால் அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அதனால் என்ன பிரயோஜனம்? இவ்வளவுக்காக ஒரு நல்ல பையனை நாற்பத்தோரு தடவை தங்கச்சி என்று சொல்ல வைத்தேன். சொந்தத் தம்பியை. வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே போனபோது மைனா முப்பது கண்ணாவைத் தாண்டியிருந்தாள். பாலத்தில் கண்ணா, சுரங்கத்தில் கண்ணா, தீக்கு நடுவில் கண்ணா. தம்பி என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். நாற்பத்தெட்டாவதை அவள் சொன்னதும் ஒன்மோர் கட்டை விரலைக் காட்டினான். மைனா தலையை ஆட்டினாள்.

"சரியா வரல. ஒன் மோர்."

ஒன்மோர் திகைத்துவிட்டான். அவன் வாழ்க்கையில் அதை அவனிடம் யாரும் சொன்னதில்லை. மறுபடி எடுத்தான். "ஒன் மோர்" என்றாள். ஒன்பது முறை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கண்ணாடித் தடுப்பு வழியாகத் தம்பி உட்கார்ந்திருந்த பக்கம்தான் பார்த்தாள். இந்த மடையன் வசனப் பக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். மண்டையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

"நிமிர்ந்து பாருடா" என்றேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். குடும்ப வியாதி.

வெள்ளிக்கிழமை காலை. தம்பியின் முறை. நாற்பத்தோரு தங்கச்சிக்குப் பதிலாக நாற்பத்தோரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தேன். 'பெண்ணே' வந்தது, 'உயிரே' வந்தது, சில இடங்களில் வெறும் உறுமலே போதும் என்று விட்டேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். ஒன்மோர் ஒருமுறைகூட ஒன் மோர் கேட்கவில்லை.

ஒன்பதாம் பாகத்தில் ஒன்று மிச்சம். முத்தத்துக்கு முன்னால் பெரியவர் குனிந்து பேசும் இடம். அசலில் பதினைந்து வினாடி ஓடுகிறது. முந்தின நாளே அதற்கு ஏழு வரி எழுதி வைத்திருந்தேன். நட்சத்திரங்கள், காலம், அழியாத இரும்பு என்று அள்ளி வீசியிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வந்திருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெறும் கட்டம் போட்ட தாளைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன்.

"எங்கக்கா வசனம்?"

"இல்ல. நீயே பேசு. பதினஞ்சு வினாடி இருக்கு, என்ன தோணுதோ சொல்லு. அவருக்கு உதடு கிடையாது, எதைச் சொன்னாலும் ஒட்டும்."

"நானா?" என்றான். முகம் வெளுத்துவிட்டது.

"நீதான். அந்தப் பெட்டி பேசணும்னு நினைக்கிறதை என்னால எழுத முடியாது. எனக்கு யோக்கியதை இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பக்கத்து மைக்கில் மைனா ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் காட்சியின் முடிவில் அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அந்த வாய் நடுவில் ஒருமுறை ஒட்டி, கடைசியில் ஒருமுறை ஒட்டும். அதற்கு 'கிளம்பலாம்' என்று எழுதியிருந்தேன்.

ஒன்மோர் விசையைத் தட்டினான். திரையில் பெட்டி மெல்லக் குனிந்தது. ஒரு வினாடி போனது, இரண்டு போனது. நான் மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பேசுடா, பேசு.

"ஏங்க" என்றான் தம்பி.

நாற்பது அடி உயரம், மூன்று நகரத்தைக் காப்பாற்றியவர், வேற்றுக்கிரகத்துக்காரர். ஏங்க என்கிறார். ஒன்மோரின் விரல் நிறுத்துகிற பொத்தானுக்குப் போனது. அவன் கையில் ஒரு அடி போட்டேன்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்களைப் போக வேணாம்னு சொல்ல மாட்டேன். நீங்க ஆசைப்பட்டுக் கிடைச்சது, போங்க. உங்க கூட நானும் வரட்டுமா? உங்களைக் கட்டிக்கணும்னு ரொம்ப நாளா... சொல்ல வரல எனக்கு. வாய் வரல."

கட்டடம் இடிகிற அந்தக் குரலில்தான் சொன்னான், ஆனால் ஒரு செங்கல்கூட விழவில்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னான். பதினைந்து வினாடியில் ஒரு வினாடி மிச்சம் இருந்தது.

வட்டத்துக்குள் கதாநாயகியின் வாய் திறக்கப் போனது. மைனா தொழில்காரி. உலகமே புரண்டாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். எடுக்கவில்லை. அந்த வாய் திறந்த அதே நொடியில் அவளும் திறந்தாள்.

"சம்மதம்."

நடுவில் ஒருமுறை ஒட்டியது, கடைசியில் ஒருமுறை ஒட்டியது. அப்படி ஒரு பொருத்தத்தை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. திரையில் அந்த வாய் பெட்டியை நோக்கிப் போனது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மைனா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் தம்பியைப் பார்த்தாள். அவன் இன்னும் காலித் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான், காது மட்டும் சிவந்துபோய்.

"அக்கா," என்றான் ஒன்மோர் குழப்பத்தோடு. "எட்டுப் பாகமா நீ, வா, போன்னு பேசினவர் திடீர்னு நீங்க, வாங்கன்னா எப்படிக்கா? அதுவும் எந்த ஊருக்குப் போறாங்க? கதையில ஊரே இல்லையே?"

"இருக்கு" என்றேன்.

"அப்போ இந்த டேக்கை வச்சுக்கவா? ஒன் மோர் போலாமா?"

"இதுக்கு ஒன் மோர் கிடையாது. வச்சுக்கோ."

படத்தோடு வசனப் பிரதியும் போக வேண்டும். ஒலியில் இருப்பது ஒரு வார்த்தை மாறாமல் தாளிலும் இருக்க வேண்டும், அது விதி. உள்ளே அவர்கள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டேன். காலிக் கட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். ஏங்க என்று எழுதினேன். ஒரு நிமிஷம் நில்லுங்க என்று எழுதினேன். 'உங்க கூட நானும் வரட்டுமா' என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. கண்ணீர் மறைத்தது, துடைத்துக்கொண்டேன். அதற்குள் மேலிடம் இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். பிறகு அதையும் எழுதினேன். என் தம்பியின் வசனத்தில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.